ஆபத்து வேளையில் கதவு திறக்கட்டும்!

பாலாற்றங்கரைக்கு ஆபத்து என்பது புதிய சொல் அல்ல. விரிஞ்சிபுரத்துக்கு மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, கிழக்கே இராணிப்பேட்டை என்று நீண்டு கிடக்கும் இந்தத் தோல் தொழில் வட்டாரம், அந்தச் சொல்லுக்கு உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று, பொழுது புலர்வதற்கு முன், இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்தது. உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். 2023 பிப்ரவரி 4 அன்று, வாணியம்பாடியில் இலவசச் சேலைக்கு டோக்கன் வாங்கக் கூடிய கூட்டத்தில் நெரிசல். பெண்கள் 4 பேர் மடிந்தனர்.

இரண்டு நாளும் நாடு பதறியது. யார் பொறுப்பு என்று ஏடுகள் கேட்டன. கேட்க வேண்டிய கேள்விதான். மாண்ட தொழிலாளியைப் பார்த்து, "அந்த நேரத்தில் அங்கே உனக்கென்ன வேலை?" என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊர் சும்மா விட்டிருக்குமா?

ஆனால், அடிபட்டுக் குருதி ஒழுக நிற்கும்போதே அந்தக் கேள்வியைக் கேட்கும் கொடுமைக்கு ஆளாகிறவர்கள் நம்மிடையே உண்டு. திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர்! ஆபத்து அவர்களுக்கும் வருகிறது. பெரும்பாலும் இரவில் வருகிறது. அப்போது அவர்கள் உதவிக்குக் கூப்பிட முடிகிறதா? நாம் எழுப்பும் கேள்வி அது ஒன்றுதான்.

சித்திரை மாதத்தில் காட்பாடிச் சந்திப்புக்குச் சென்று பாருங்கள். வேலூர் கன்டோன்மென்ட், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் செல்லும் ரயிலில், நம் வட்டாரத்துத் திருநங்கையரும் ஏறுகிறார்கள். போகுமிடம் கூவாகம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர். கூத்தாண்டவர் திருவிழா 18 நாள். முழுநிலவு இரவில் தாலி கட்டிக் கொள்கிறார்கள். விடிந்ததும் அந்தத் தாலியை அறுத்து, வெள்ளை உடுத்தி, அழுது திரும்புகிறார்கள்.

அரவான் கதையில் நமக்கு நம்பிக்கை கிடையாது. களப்பலிக்கு ஆள் தேடிய புராணத்தைப் பாராட்டிப் பாடவும் நாம் வரவில்லை. ஆனால், ஆண்டு முழுதும் ஒளிந்தும் ஒடுங்கியும் வாழ்கிறவர்கள், ஓர் இரவாவது தலை நிமிர்ந்து, பூச்சூடி, ஆடிப்பாடி, தம்மைப் போன்றவர்களோடு கலந்து மகிழ அங்கே வருகிறார்கள். புராணம் பொய்யாயிருக்கலாம். வந்து நிற்கிற மனிதர் பொய்யல்லவே!

அந்த இரவுக்கு இன்னொரு முகமும் உண்டு. திருநங்கையரைக் காணவும், கேலி பேசவும், கையைப் பிடித்து இழுக்கவும் வருகிற ஆண்களின் கூட்டம்! சிற்றூரின் ஒடுங்கிய பாதை, சுற்றிலும் வயல், வயலெங்கும் இருட்டு. கூச்சல் எழுந்தாலும், கொண்டாட்டத்தின் கூச்சலா, ஆபத்தின் கூச்சலா என்று பிரித்தறிய முடியாத இரைச்சல். மயங்கி விழுந்தவரைத் தூக்கிச் செல்லும் வண்டி எந்த வழியே நுழையும்? துரத்தப்பட்டவள் எந்த வெளிச்சத்தை நோக்கி ஓடுவாள்? ஓடிச் சேர்ந்த இடத்தில் அவளை மனுஷியாக மதித்து வரவேற்பவர் யார்?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துயரமல்ல. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், தன்பாலீர்ப்பாளர் கூடும் மதுவிடுதி ஒன்று மாடியில் இருந்தது. 1973 ஜூன் 24 அன்று, அதன் மாடிப்படியில் எவனோ தீ வைத்தான். சன்னல்களிலோ கம்பிகள்! 32 பேர் மாண்டனர். பின்கதவு ஒன்று இருப்பதை அறிந்த விடுதி ஊழியர் ஒருவர், சுமார் 20 பேரை அதன் வழியே அழைத்துச் சென்று பக்கத்துக் கூரைமீது ஏற்றிக் காப்பாற்றினார். அந்தக் கதவு இருப்பதை மற்றவர்களும் அறிந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்! மாண்டவர்களுக்கு இறுதி வழிபாடு நடத்தப் பல தேவாலயங்கள் மறுத்தன. தீ ஒரு முறை எரித்தது. சமுதாயம் மறுமுறை எரித்தது. 2016 ஜூன் 12 அன்று ஆர்லாண்டோ நகரின் இரவு விடுதி ஒன்றில், துப்பாக்கிக்காரன் ஒருவன் 49 உயிரைக் குடித்தான். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே நிலை அது.

கதவு ஒன்று போதுமா? போதாது. கட்டடத்தின் கதவு திறந்தாலும், காவல் நிலையத்தின் கதவு மூடியிருந்தால் என்ன பயன்?

காவலரைக் கண்டால் இவர்கள் ஏன் அஞ்சுகிறார்கள்? காரணம் பழையது. 1871-ல் வெள்ளையராட்சி கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், இவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்கச் சொன்னது. பெண்ணுடை உடுத்துப் பொதுவிடத்தில் ஆடியதே குற்றம் என்றது. சட்டம் செத்தது, அதன் வாடை சாகவில்லை. 2006-ல், சென்னை வியாசர்பாடியில், காவல் நிலையக் கொடுமை தாளாமல் தீக்கிரையானார் ஒரு திருநங்கை. மறு ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம், அவர் குடும்பத்துக்கு இழப்பீடு தரும்படி ஆணையிட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் 112-ஐ அழைக்கச் சொல்கிறோம். அழைத்தால் வருகிறவரே ஆபத்தாகி விடுவாரோ என்று நடுங்குகிறவர் எப்படி அழைப்பார்?

தமிழ்நாடு எதுவும் செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். இழிபெயரிட்டு அழைத்த வாய்களுக்குத் திருநங்கை என்ற சொல்லைப் பழக்கியவர் கலைஞர். இந்தியாவுக்கே முன்னோடியாக, 2008-ல் அவர் ஆட்சியில் நல வாரியம் பிறந்தது. 2014-ல் உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. 2017-ல் திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். 2018-ல், வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்றது உச்சநீதிமன்றம். 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பை அடுத்து, 2022-ல், இம்மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதியிலேயே எழுதப்பட்டது. பெருமைதான்!

ஆனால் தோழர்களே, விதி கோட்டையில் எழுதப்படுகிறது. அடி நெடுஞ்சாலையில் விழுகிறது! பெங்களூர்ச் சாலையில், நள்ளிரவில், லாரிகளின் விளக்கு வெளிச்சத்தில் தனித்து நிற்கும் திருநங்கைக்கு அந்த விதி தெரியுமா? அவளை அதட்டும் காவலருக்குத்தான் தெரியுமா?

டில்லியில் எழுதிய சட்டத்தையும் பாருங்கள். 2019-ல் இயற்றிய திருநர் சட்டம், அவர்கள்மீது பாலியல் கொடுமை இழைத்தவனுக்கு உச்ச தண்டனை 2 ஆண்டு என்றது. பெண்மீது அதே கொடுமை இழைத்தவனுக்கோ குறைந்தது 10 ஆண்டு! உயிருக்கும் மானத்துக்குமா தராசு? மனு எழுதிய தராசுக்கு இதுவா பேத்தி?

ஆகவே நாம் கேட்கிறோம். கோட்டையில் எவர் அமர்ந்தாலும் அவரைக் கேட்கிறோம்.

கூவாக இரவில், வயல்வழி முழுதும் விளக்கு வேண்டும். 108 வண்டி நுழைய ஒரு பாதையைக் கூட்டமின்றிக் காத்து வைக்க வேண்டும். காவலர்க்கு உதவியாகத் திருநங்கையரையே தொண்டர்களாக, அடையாளப் பட்டையோடு, ஊதியம் கொடுத்து நிறுத்த வேண்டும். யார் ஆடுகிறார், யார் அலறுகிறார் என்பது அவர்களுக்குத்தான் புரியும். அவர்கள் தங்கும் விழுப்புரத்து விடுதிகளில், விழாவுக்கு முன்பே தீயணைப்புத் துறை மாடிப்படியையும் மாற்று வழியையும் பார்வையிட வேண்டும். 2022-ன் விதியைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒவ்வொரு காவல் நிலைய வாயிலிலும் ஒட்ட வேண்டும். அரசு மருத்துவமனையில், ஆண் வார்டா பெண் வார்டா என்று வாதிட்டுக் கொண்டிருக்காமல், முதலில் குருதியை நிறுத்த வேண்டும்.

இவற்றுக்குக் கோடி கோடியாகவா செலவாகும்? விளக்குக்கும் பாதைக்கும் ஆகும் செலவைத் தேர்த்திருவிழாக்களுக்கு ஆண்டுதோறும் செய்து பழகிய நிர்வாகம்தானே இது! தேருக்கு வழிவிடத் தெரிந்தவர்களுக்கு உயிருக்கு வழிவிடத் தெரியாதா?

"பண்பாடு கெடும்" என்று சிலர் முணுமுணுப்பார்கள். பண்பாட்டுக் காவலர்களே! பெற்ற பிள்ளையை நடை பாலினம் மாறியது என்று தெருவில் விரட்டிய அன்று கெடாத பண்பாடு, அந்தப் பிள்ளைக்கு ஒரு விளக்கு ஏற்றினால் கெட்டுவிடுமோ? தாழ்த்தப்பட்டவன் தெருவில் நடந்தால் கெடும் என்றார்கள்; நடந்தான். விதவை மணந்தால் கெடும் என்றார்கள்; மணந்தாள். கெட்டது பண்பாடல்ல, அவர்களின் ஆதிக்கம்.

சுயமரியாதை என்ற சொல்லை இந்நாட்டுக்குக் கற்பித்த இயக்கம், அது எல்லோருக்கும் என்றுதான் கற்பித்தது. அடுத்த சித்திரை முழுநிலவு வரும். இருட்டில் துரத்தப்படுகிறவள் ஓடிவந்து கதவைத் தட்டுவாள். "இந்நேரத்தில் உனக்கென்ன வேலை?" என்று கேட்காமல், "உள்ளே வா, அம்மா" என்று திறக்கும் அதிகாரி ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அதற்கான ஆணை இன்றே பிறக்கட்டும்!