பட்டியலில் பெயர் ஏன் இல்லை? கணனியின் திகதிக் கணக்கு

"உங்கள் பெயர் பட்டியலில் இல்லை, அம்மா." 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகளால் வீடும் தோட்டமும் இழந்த கண்டி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இந்த ஒரு வசனம் பெரிய அடி. பெயரை நீக்கியது யார்? கணனியா? இல்லை. கணனி தானாக எவரையும் சேர்ப்பதுமில்லை, நீக்குவதுமில்லை. மனிதர் கேட்கும் கேள்விக்கே அது பதில் தருகிறது.

கணனியில் உள்ள தரவுத்தளம் என்பது ஒரு பெரிய பதிவேடு. அதிலிருந்து வேண்டியவர்களை மட்டும் பிரித்தெடுப்பது, அரிசியைச் சல்லடையில் சலிப்பது போன்றது. சல்லடைக் கண்ணின் அளவை ஒவ்வொரு முறையும் உத்தியோகத்தரே தீர்மானிக்க வேண்டும். ஆகவே கணனி முதலில் திரையில் அவரிடம் கேட்கும்: "எந்தத் திகதி வரை?" அவர் தட்டும் விடையை வைத்தே கணக்குத் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, 70 வயது நிறைந்த முதியோரின் பட்டியல் வேண்டும் என்போம். உத்தியோகத்தர் 2026 மார்ச் 31 எனத் தட்டுகிறார். கணனி அதிலிருந்து 70 வருடங்களைக் கழித்து, 1956 மார்ச் 31 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்களைப் பொறுக்கி எடுக்கிறது. ஏப்ரல் 1இல் பிறந்தவர் ஒரே நாள் வித்தியாசத்தில் விடுபடுவார். அடுத்த மாதம் புதிய திகதியைத் தட்டிக் கேட்டால் அவர் பெயரும் வரும். பழைய திகதியையே மாற்றாமல் விட்டால் வராது.

வேறொரு தவறும் நேரலாம். 04/03/1956 என்பது நமக்கு மார்ச் 4. மாதத்தை முதலில் எழுதும் முறையில் அதுவே ஏப்ரல் 3. மார்ச் 4இல் பிறந்த ஒரு தாயின் திகதி இப்படி மாறிப் பதிவானால், உரிய வயது நிறைந்திருந்தும் அவர் பட்டியலுக்கு வெளியே நிற்பார். முதலாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற கணக்கிலும் இதே ஆபத்து உண்டு.

இதைக் கண்டுபிடிக்க உங்கள் கையிலேயே ஒரு சாதனம் இருக்கிறது. அது தேசிய அடையாள அட்டை. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 2016 முதல் வந்த 12 இலக்க எண்ணில் வருடத்துக்கு நான்கு இலக்கங்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் எனக் கொள்ள வேண்டும். பெண்களுக்கு நாளுடன் 500 கூட்டப்படும். மார்ச் 4 என்பது 31+29+4, அதாவது 64ஆவது நாள். ஆகவே மேற்சொன்ன தாயின் எண் 56564 எனத் தொடங்கும். 56594 எனத் தொடங்கினால் அது ஏப்ரல் 3. அட்டையிலேயே பிழை உண்டு.

பெயர் இல்லையென்றால் கோபத்துடனோ கண்ணீருடனோ திரும்பிவிட வேண்டாம். மூன்று கேள்விகளைப் பணிவாகக் கேளுங்கள்:

1. இந்தப் பட்டியல் எந்தத் திகதியை வைத்து எடுக்கப்பட்டது?
2. என் பிறந்த திகதி எவ்வாறு பதிவாகியுள்ளது?
3. பிழையைத் திருத்த எந்தப் பத்திரம் வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ் மண்ணில் புதைந்திருந்தால், பிரதி பெறும் வழியைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு, பாடசாலைப் பதிவு ஆகியவையும் திகதியைச் சரிபார்க்க உதவும். கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிட்டு, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் எந்தப் படிவத்திலும் மாதத்தை எண்ணால் எழுதாமல் 'மார்ச்' என்று எழுத்தில் எழுதுவோம். எழுதப் படிக்கத் தெரியாத அயலவருக்கு, கங்கவட்டக் கோறளையானாலும் உடுதும்பரையானாலும், நம் இளைஞர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கட்டும். ஒரு முதியவரின் உரிமை ஓர் இலக்கத்தால் தவறிப்போக நாம் விடலாகாது.