உங்களுக்குத் தெரியுமா? மெல்லத் துருப்பிடிக்கும் கோதுமை

மறைமலை நகர், செங்கல்பட்டுப் பக்கம் வயல் என்றால் நெல்தான். கோதுமை, பார்லி, சோளம், கம்பு, மக்காச்சோளம் என்று தானியங்களை வரிசையாகப் பிடிக்கும் துரு நோய், நெல்லை மட்டும் தொடுவதில்லை. அதனால் நம் பக்கத்து விவசாயிகளுக்கு இதன் கொடுமை அவ்வளவாகத் தெரியாது. துரு முற்றிய கோதுமை வயலுக்குள் இறங்கி நடந்தால் வேட்டி செம்பழுப்பாகிவிடும். அத்தனையும் துருப் பூசணத்தின் வித்துகள்!

*

வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் இந்த வித்துகள் பிழைக்காது. குளிர்ந்த மலைகளில்தான் ஆண்டு முழுக்கத் தங்கும். ஆக்ராவில் கே.சி. மேத்தா பல ஆண்டு ஆராய்ந்து கண்டது இது. அப்படிப்பட்ட மலைகளில் நம் நீலகிரியும் பழனி மலையும் உண்டு. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் வெள்ளக்காடாக்குகிற நவம்பர் மாதப் புயல் இருக்கிறதே, அந்த மாதிரிப் புயற்காற்றுதான் தென்மலை வித்துகளை மத்திய இந்தியா வரை கொண்டுபோய் மழையோடு இறக்குகிறது. 1970-களில் எஸ். நாகராஜன் முதலானோர் இதை விளக்கினார்கள். குன்னூரை அடுத்த வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருப்பதற்கும் காரணம் இதுதான். அங்கே துருவுக்குப் பஞ்சமே இல்லை. புது ரகம் தாங்குமா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

*

துருவைத் தாங்கும் கோதுமையின் எதிர்ப்புச் சக்தியில் இரண்டு வகை. முதல் வகை, பூசணம் நுழைந்த இடத்துச் செல்களையே சாகடித்து அதைப் பட்டினி போடும். வயல் பளிச்சென்று இருக்கும். ஆனால் தப்பிப் பிழைக்கும் ஒரேயொரு புதுப் பூசண இனம் போதும், மொத்தமும் போச்சு. பசுமைப் புரட்சியின் செல்லப்பிள்ளையான கல்யாண் சோனா ரகம் 1970-களில் இலைத்துருவிடம் தோற்றது இப்படித்தான். எஸ்.ஆர்.31 மரபணு பல நாடுகளின் கோதுமையைத் தண்டுத்துருவிலிருந்து காத்துவந்தது; 1998-இல் உகாண்டாவில் அதுவும் உடைந்தது.

என் மரியாதையெல்லாம் இரண்டாவது வகைக்குத்தான். இது நோயை வரவிடும். ஆனால் கொப்புளங்கள் குறைவு, சிறிசு, வெடிக்கவும் சில நாள் கூடுதலாகும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படித் தாமதமானால் பூசணம் வயலை மூடுவதற்குள் கதிர் முற்றிவிடும்.

*

எல்.ஆர்.34 என்ற மரபணு அந்த இரண்டாவது வகை. 50 ஆண்டுகளுக்கும் மேலாக எந்தத் துரு இனமும் அதை வீழ்த்தவில்லை. இலைத்துரு, மஞ்சள் துரு, தண்டுத்துரு மூன்றோடு சாம்பல் நோயையும் தணிக்கும். அந்த மரபணுவை 2009-இல்தான் பிரித்தெடுத்தார்கள். அது இருக்கும் பயிரில், கதிருக்குக் கீழே உள்ள கொடி இலையின் நுனி தானாகக் காய்ந்து நிற்கும். பார்ப்பவர் நோய் என்று பயப்படுவார். உள்ளே காவல் இருப்பதற்கு அதுவே அடையாளம்.

தனியாக அதனால் முழுதும் காக்க முடியாது. இந்த மாதிரி மரபணுக்கள் 4, 5 ஒன்றுசேர்ந்தால் துரு வந்த சுவடே ஏறக்குறையத் தெரியாது என்று மெக்சிகோவின் சர்வதேசக் கோதுமை மையத்தில் ரவி சிங் குழுவினர் காட்டினார்கள்.

*

கோதுமை இருக்கட்டும்; கம்புக்கு வரும் துரு, தன் வாழ்க்கையில் ஒரு பருவத்தைக் கத்தரி இலையின் அடியில் மஞ்சள் கிண்ணங்களாகக் கழிக்கிறது. கம்பு விதைப்பவர்கள் கத்தரியைச் சற்று எட்டவே வைப்பது நல்லது.