கடன் கொடுத்தார்க்கும் கடன் உண்டு

2022ஆம் ஆண்டிலே ஒருநாட் பிற்பகல், பெரியபுராண வகுப்புக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி ஒலித்தது. முன்பின் அறியாத குரல்.

“இன்னாரை உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும். என்னிடம் படித்த பிள்ளை.”

“அவர் மூன்று தவணை கட்டயில்லை. நாங்கள் எடுத்தால் பதில் சொல்லுறாரில்லை. நீங்கள் படிப்பிச்ச ஆள்தானே, புத்தி சொல்லுங்கோ. இல்லாட்டில் பொலிசோடைதான் வீட்டை வருவம்.”

அழைத்தவர் ஒரு கடன் நிறுவனத்தின் அறவீட்டு ஊழியர். என் மாணாக்கன் தச்சுத்தொழில் புரிபவன். மரஞ் சீவும் இயந்திரமொன்றைக் கடன்பட்டு வாங்கியிருந்தான். அவ்வாண்டின் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபோது இயந்திரம் உறங்கிற்று, தவணையோ உறங்கவில்லை. கடன் விண்ணப்பத்தில், தன்னை அறிந்தவர் என என் பெயரையும் இலக்கத்தையும் அவன் எழுதியிருந்தான். நான் பிணை நின்றவனல்லேன்.

அதன்பின், நாடோறும் வாசிகசாலைக்கு வருபவன் வாராதொழிந்தான். வீதியில் என்னைக் கண்டால் துவிச்சக்கர வண்டியை ஒழுங்கைக்குள் திருப்பினான். ஒரு மாதங் கழித்து யானே அவன் பட்டறைக்குச் சென்றேன். நெடுநேரம் நிலத்தைப் பார்த்திருந்தவன் ஈற்றிலே கேட்டான்: “ஐயா, காசு குடுக்கவேணும். அது எனக்குத் தெரியும். உங்களுக்கு ஏன் சொன்னவங்கள்?”

அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

கடன் என்னுஞ் சொல் நம் மொழியில் இரு பொருள் உடையது. வாங்கிய பொருளைக் குறிப்பது ஒன்று. செய்யவேண்டிய முறைமையைக் குறிப்பது மற்றொன்று. புறநானூற்றிலே பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை ஆகிய ஐவர்க்கும் வெவ்வேறு கடன் வகுத்துரைத்தமை கற்றாரறிவர். ஒருவர் கடனை மற்றொருவர் கடன் விழுங்கிவிடுவதில்லை. வாங்கியவனுக்குத் திருப்பிக் கொடுத்தல் கடன். அதில் இரண்டாங் கருத்துக்கு இடமில்லை. ஆயின், கேட்பவனுக்கும் கேட்கும் முறையொன்று கடனாக உண்டன்றோ? அது யாது?

இதற்கு விடை காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தரிலே முதிய அந்தணர் ஒருவர் வந்து, மணமகனின் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஆளோலை தம்மிடம் உண்டென்றார். நாயனார் அதனைப் பறித்துக் கிழித்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது. சபையார் முதியவரின் வார்த்தையை மட்டும் நம்பித் தீர்ப்புரைத்தாரல்லர். வழக்கமாக அனுபவித்து வந்தமையையோ, எழுத்தையோ, கண்ட சாட்சியையோ காட்டுக என்றனர். மூல ஓலை வெளிப்பட்டது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையையும் வருவித்துக் கையெழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புப் பிறந்தது. பந்தரிலே பலரறிய வழக்குரைத்தமை முறையோ எனச் சிலர் வினவலாம். அது தடுத்தாட்கொள்ள வந்த திருவருட் செயல். உலகினர்க்கு முன்மாதிரி அன்று. உரிமையாளனாய் வந்தவன் இறைவனேயாயினும், முடிவு பந்தரிலே பிறக்கவில்லை, சபையிலேதான் பிறந்தது.

இவ்வரலாற்றினின்றும் கடன்பட்டவன் கேட்கத்தக்க மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. நீர் யார்? உம்மிடமுள்ள எழுத்து யாது? எந்தச் சபையிலே இதனைத் தீர்ப்போம்? தொலைபேசி ஒலிக்கும்போது இம்மூன்றும் நினைவில் நிற்றல் நன்று.

மேனாட்டார் இவ்வுணர்வை எய்தியது மெல்ல மெல்லவே. ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸின் தந்தையார் கடனிறுக்க மாட்டாமையால் 1824ஆம் ஆண்டு இலண்டன் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். அப்பொழுது பன்னிரண்டு வயதுச் சிறுவனான மகன் பாதணி மைத் தொழிற்சாலையில் உழைத்தான். அச்சிறையின் நிழல் அவருடைய ‘லிற்றில் டொறிற்’ நாவல் முழுதும் படர்ந்திருப்பதைக் காணலாம். 1869ஆம் ஆண்டுச் சட்டமே கடனுக்காகச் சிறையிடும் வழக்கத்தை இங்கிலாந்திலே பெரும்பாலும் ஒழித்தது. 1970ஆம் ஆண்டில், கடனாளியையோ அவன் இல்லத்தாரையோ அச்சமும் அவமானமும் உண்டாகுமாறு ஓயாது நச்சரித்தல் குற்றமென அங்கு விதிக்கப்பட்டது.

அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் தொலைபேசிக்கே வரம்பு கட்டிற்று. பிறர்க்குரிய கடனை அறவிடுந் தொழிலினர், காலை 8 மணிக்கு முன்னரும் இரவு 9 மணிக்குப் பின்னரும் கடனாளியை அழைத்தலாகாது. அவன் இருப்பிடம் அறியாவிடின் அயலாரிடம் அதனை வினவலாம். அவன் கடன்பட்டவன் என்பதை வெளியிடலாகாது. இனி அழைக்கவேண்டாமென அவன் எழுத்தில் அறிவித்தால் அழைப்பு ஓயவேண்டும். ஆயினும் கடன் நிலைத்திருக்கும், வழக்குத் தொடுக்கவும் தடையில்லை. ஒரு கடன் குறித்து ஏழு நாளில் ஏழு முறைக்கு மேல் அழைப்பது வரம்பு மீறலாகக் கருதப்படுமென்னும் விதி 2021ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இந்திய ரிசேவ் வங்கி 2022ஆம் ஆண்டு ஆகஸ்டிலே, தவணை தவறிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைத்தலைத் தடுத்தது. கடனாளியின் குடும்பத்தார், நண்பர், விண்ணப்பத்திலே அறிந்தவர் எனக் குறிக்கப்பட்டோர் ஆகியோரின் தனிமையிற் புகுந்து தொல்லைப்படுத்தலையும் வெளிப்படையாக விலக்கிற்று. என் மாணாக்கன் கேட்ட வினாவுக்கு அயல்நாட்டு ஒழுங்கொன்று நேரே விடை கூறியமை கண்டு வியந்தேன்.

நம் நாட்டின் நிலை யாது? 2023ஆம் ஆண்டு ஆகஸ்டிலே இலங்கை மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் வெளியிட்டது. வங்கிகள், நிதிக் கம்பனிகள் முதலாகத் தன் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்கள் வாடிக்கையாளரை நியாயமாக நடத்தல், அவர்தம் தகவலைக் காத்தல், முறைப்பாடுகளைக் கேட்டுத் தீர்த்தல் ஆகியன அவற்றிற் கூறப்பட்டுள்ளன. முறைப்பாட்டை முதலில் நிறுவனத்துக்கே எழுதுதல் வேண்டும். தீராவிடின் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.

“பொலிசோடை வருவம்” என்னும் சொல்லையும் ஆராய்வோம். ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை மட்டுமே காரணமாக எவரையுஞ் சிறையிடலாகாதென்பது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை. இலங்கை 1980ஆம் ஆண்டு அதில் இணைந்தது. தவணை தவறல் குடியியல் வழக்குக்குரியது. அதற்குரிய சபை நீதிமன்றம். மாறாக, அடிப்பேன், அழிப்பேன் என அச்சுறுத்திக் காரியஞ் சாதிக்க முயலல் நம் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும்.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. கணக்கிற் பணமில்லை என்றறிந்தே காசோலை எழுதிக் கொடுத்தல் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். காணியை ஈடு வைத்த கடன் தவறின், வழக்கின்றியே ஏலமிடும் அதிகாரத்தை அவ்வாண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு அளித்தது. ஆதலின், வரும் எச்சரிக்கை அனைத்தும் வெற்றொலி என்று எண்ணி வாளாவிருத்தல் பேதைமை. எது சட்டம், எது மிரட்டல் எனப் பிரித்தறிதலே அறிவு.

அழைப்பு வரின் அஞ்சி ஒளித்தல் வேண்டா. அழைத்தவர் பெயர், நிறுவனம், நாள், நேரம், கூறிய சொல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. நிலுவைக் கணக்கை எழுத்திலே கேட்க. கட்ட இயலாத தொகையைத் தொலைபேசியில் வாக்களியாதிருக்க. இயன்ற தொகையையும் நாளையும் எழுதி அனுப்பிப் பிரதியை வைத்திருக்க. கொடுக்கும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டுப் பெறுக. அழைக்கும் ஊழியரும் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் ஒருவர் பெற்ற பிள்ளையே. அவரிடத்து நாமும் வன்சொல் கூறல் தகாது.

அன்று பட்டறையிலிருந்தே நானும் மாணாக்கனும் நிறுவனத்துக்குக் கடிதமொன்று எழுதினோம். இயந்திரம் ஓடாத மாதங்களையும், இனி மாதந்தோறும் கட்டக்கூடிய தொகையையும் குறித்தோம். தன் கடன் பற்றித் தன்னிடமே பேசவேண்டுமெனவும் கேட்டோம். நான் எழுதி முடித்த தாளை அவன் வாங்கி வாசித்தான்.

“ஐயா, மூண்டு இடத்திலை ‘தயவுசெய்து’ எண்டு எழுதியிருக்கிறியள். ஒண்டு காணும்.”

காதிலே செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்து இரண்டை வெட்டினான். நிறுவனம் தவணையைத் திருத்தி அமைத்தது. கடன் இறுத்து முடிந்தது. அவன் வாசிகசாலைக்கு மீண்டும் வருகிறான்.