இலத்திரனியல் கழிவும் தொழினுட்பக் கொள்கையும்

ஹெவ்லொக் டவுனிலுள்ள ஒரு வீட்டில் பழைய கணினித் திரையொன்று பழுதடைந்து கிடக்கின்றது எனக் கொள்வோம். பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்தால் சிறிது பணம் கிடைக்கும். ஆனால் செம்பை எடுப்பதற்காகக் கம்பிகளின் பிளாத்திக்கு உறையை எரித்தால் நச்சுப்புகை வெளியேறும். கதோட்டுக் கதிர்க் குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு. ஈயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

இது தொடர்பான சட்ட ஏற்பாடுகள்:

1. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டன. இவற்றின்படி இலத்திரனியல் கழிவைச் சேகரிக்கவும் மீள்சுழற்சி செய்யவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் அவசியம்.

2. இலங்கை 1992 இல் இணைந்த பாசல் சமவாயத்தின்படி, அபாயகரமான கழிவை வேறொரு நாட்டுக்கு அனுப்புமுன் அந்நாட்டின் எழுத்துமூலச் சம்மதம் பெறப்பட வேண்டும்.

மறுபுறம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்துக்கான தேசியக் கொள்கையை வகுக்க வழிசெய்தது 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமாகும். எனவே, கணினியின் வரவுக்கு ஒரு சட்டம். அதன் கழிவுக்கு வேறொரு சட்டம். இவ்விரண்டையும் இணைப்பதே நிலைபேறான கொள்கையாகும். உதாரணமாக, பாடசாலைக்குக் கணினிகள் வாங்கும்போதே அவற்றின் ஆயுட்காலம், திருத்தும் வசதி, பழுதடைந்தபின் மீளப்பெறும் பொறுப்பு என்பவற்றை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

கவனிக்குக: விடையில் "மீள்சுழற்சி செய்ய வேண்டும்" என்று மாத்திரம் எழுதாது, அதனை யார், எந்தக் கட்டத்தில் பொறுப்பேற்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுக.