தத்தெடுத்த நாயைத் திருப்பித் தருதல்

கடையில் வாங்கிய பொருள் பழுதாயின் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுகிறோம். காப்பகத்தில் தத்தெடுத்த நாயையும் திருப்பித் தரலாம். ஆயின் அவ்விதி வளர்ப்போர் வசதிக்காக அன்று, நாயின் பாதுகாப்பிற்காகவே ஏற்பட்டது.

மேரி டீல்பி அம்மையார் 1860ஆம் ஆண்டில் லண்டனில் நிறுவிய நாய்கள் இல்லம் இன்று பாட்டர்சீ என வழங்குகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய காப்பகங்கள் பல, தத்தெடுப்போரிடம் ஓர் ஒப்பந்தம் பெறுகின்றன: வளர்க்க இயலாவிடில் நாயைத் தம்மிடமே ஒப்படைக்க வேண்டும், பிறர்க்கு விற்கலாகாது. செலுத்திய கட்டணமோ பல இடங்களில் திரும்பக் கிடைப்பதில்லை. அது தடுப்பூசிக்கும் மருத்துவத்திற்கும் செலவாகிவிடுகிறது.

புது வீட்டில் நாய் சில நாள் உண்ணாமல் ஒளியக்கூடும். பழகுவதற்கு வாரங்கள், ஏன், மாதங்களும் ஆகலாம். ஆதலின் அவசரம் வேண்டா. முயன்றும் இயலாவிடில், திருப்பித் தருவது இழிவன்று. தெருவில் விடுவதே இழிவு.