கோட்டுக்கும் ஒரு காப்பு

கட்டடத்தால் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில், திருத்தணியை அடைவதற்கு முன் வரும் கனகம்மாசத்திரத்தைப் பஸ்ஸில் கடந்து போன வாசகர்கள் பலர் இருப்பார்கள். வழிப்போக்கன் தலை சாய்க்க ஒரு கூரை வேண்டும் என்ற எண்ணத்தைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் அது. ஆகையால் கூரையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல நமக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

நம்மிடம் கணக்குப் படித்த பையன் ஒருவன் இப்போது ஆர்க்கிடெக்ட். இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு சொந்தமாக ஆபீஸ் நடத்துகிறான். சென்ற மாதம் ஒரு காகிதக் கட்டோடு வீட்டுக்கு வந்தான்.

"ஸார், ஆபீஸுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டேன். நெருப்பு, திருட்டு, வெள்ளம் எல்லாம் அடக்கம். மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர் ஒன்றுகூட விடவில்லை" என்றான்.

"சந்தோஷம். நீ போடும் கோட்டுக்கு?" என்று கேட்டோம்.

பையன் விழித்தான். விழித்ததில் தவறில்லை. கண்ணுக்குத் தெரியும் சாமானுக்குக் காப்புத் தேடுவது மனித சுபாவம். ஆனால் நாற்காலி எரிந்து போனால் நஷ்டம் சில ஆயிரம். வரைபடத்தில் ஒரு தூணின் கனம் குறைந்து போனால்?

இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2014-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி மாலை, சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று மழையின்போது சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டார்கள். பிழைப்புத் தேடி ஆந்திராவிலிருந்து வந்த கூலியாட்கள் அவர்களில் பலர். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தையும் 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். இந்த விபத்தில் கட்டி விற்றவர்களோடு, பொறியாளர்களும் ஆர்க்கிடெக்ட் ஒருவரும் கைதானார்கள் என்பதை நம் பையன் நினைவில் வைக்க வேண்டும். கட்டடம் விழுந்தால், செங்கல் அடுக்கியவனோடு கோடு போட்டவனையும் உலகம் தேடுகிறது.

இதற்கென்றே 'புரொபெஷனல் இன்டெம்னிட்டி' என்றொரு பாலிஸி இருக்கிறது. தொழிலில் நேர்ந்த கவனக்குறைவால் பிறருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடு செய்யும்படி சட்டம் கட்டளையிட்டால், அந்தத் தொகையையும் வக்கீல் செலவையும் பாலிஸியில் குறித்த வரம்பு வரை கம்பெனி கொடுக்கும். ஜெயில் தண்டனையையோ அபராதத்தையோ அது ஏற்காது.

இதை வாங்குகிறவர்கள் பிரீமியத்தை முதலில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தேதியை.

மோட்டார் வண்டி பாலிஸியைப் போன்றதல்ல இது. வண்டி மோதிய அன்று பாலிஸி உயிரோடு இருந்தால் போதும். இங்கேயோ, பொதுவாக, நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் வரும் அன்று பாலிஸி உயிரோடு இருக்க வேண்டும். அதோடு, எந்தத் தேதிக்குப் பிறகு செய்த வேலைக்கு அது செல்லும் என்றும் ஒரு தேதி அதில் அச்சாகியிருக்கும்.

பையனுக்குக் கரும்பலகைக் கணக்காகவே போட்டுக் காட்டினோம். 2026-ல் வரைபடம் போடுகிறாய். 2028-ல் வீடு முடிகிறது. 2032-ல் சுவர் பிளந்து நோட்டீஸ் வருகிறது. பதில் சொல்ல வேண்டியது 2032-ம் வருஷத்துப் பாலிஸி. நடுவே 2030-ல் சிக்கனம் என்று பாலிஸியை விட்டுவிட்டு, 2031-ல் புதிதாக வாங்கியிருந்தாயானால், புதுத் தேதி விழுந்திருக்கும். பழைய கோட்டுக்குக் காப்பு இல்லை. கம்பெனி மாறினாலும் பழைய தேதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தொழிலை விட்டு ஓய்வெடுத்த பிறகும் சில வருஷங்களுக்குக் காப்பு நீடிக்க ஏற்பாடு வேண்டும். கட்டடம் நம்மோடு ஓய்வு பெறுவதில்லை அல்லவா?

2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டமும் இதையே நினைவூட்டுகிறது. வீட்டை ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தென்பட்டால், கட்டி விற்றவர் தம் செலவில் சரி செய்ய வேண்டும் என்கிறது அது. அவர் செலவழித்துவிட்டு யார் பக்கம் திரும்புவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு, வருஷம் முழுவதற்கும் எவ்வளவு என்று வரம்பு இரண்டு இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். வக்கீல் செலவு அந்த வரம்புக்குள் அடக்கமா என்று கேட்க வேண்டும். கைப்பணத்திலிருந்து முதலில் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு, வெளியில் கொடுத்து வாங்கும் தூண் கணக்குக்கும் காப்பு உண்டா என்பவையும் முக்கியம். சாரத்தில் ஏறும் உதவியாளருக்கு அடிபட்டால் முதலாளி ஈடு தரவேண்டும் என்பது 1923-லேயே சட்டமான பொறுப்பு. அதற்குத் தனிக் காப்பு வேண்டும். சாமான் பாலிஸியிலும் கஞ்சத்தனம் ஆகாது. 10 லட்சம் பெறும் சாமானை 5 லட்சத்துக்குப் பதிந்தால், 2 லட்சம் நஷ்டத்துக்கு 1 லட்சம்தான் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். சுதேசி வேகத்தில் 1906-ல் கல்கத்தாவில் நேஷனல் கம்பெனி பிறந்தது. 1938-ல் சென்னையில் யுனைடெட் இந்தியா பிறந்தது. 1973 தொடங்கி இத்துறை சர்க்கார் வசம் இருந்தது. 2000-த்துக்குப் பின் தனியாரும் வந்துவிட்டார்கள். நாலு இடத்தில் வாசகத்தைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்து முடிவு செய்வதே உசிதம்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பையன் மெள்ள விஷயத்துக்கு வந்தான். திருத்தணியில் யாத்திரிகர்களுக்கான விடுதி ஒன்றுக்கு வரைபடம் போட்டிருக்கிறானாம். மூன்று மாடிக்குக் கணக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை நினைத்து, இன்னும் இரண்டு மாடி போட்டுத் தரச் சொல்கிறாராம் முதலாளி. தூண் கணக்கைத் திரும்பப் பார்க்க அவகாசம் கொடுக்க மாட்டாராம்.

"அதனால்தான் ஸார், இன்ஷூரன்ஸ் இருந்தால் தைரியமாகச் செய்யலாமோ என்று..."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிந்தே செய்த காரியத்துக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. தந்தாலும், மேல்மாடியில் படுத்திருப்பவனுக்கு அதனால் என்ன லாபம்?" என்றோம்.

கவனமாக இருந்தும் கை தவறுகிறவனுக்கே இன்ஷூரன்ஸ். கவனத்துக்குப் பதிலாக அதை வாங்க முடியாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவன்தான் பாலிஸியைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தகுந்தவன்.

ஒரு வாரம் கழித்துப் பையன் வந்தான். புதுப் பாலிஸியின் தேதியை முதலில் காட்டினான். பிறகு, மண்ணையும் அஸ்திவாரத்தையும் மறுபடி சோதிக்காமல் ஒரு கோடும் போட மாட்டேன் என்று விடுதி முதலாளிக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் காட்டினான்.

"வேலை கை விட்டுப் போகலாம் ஸார்" என்றான்.

போகலாம். ஆனால் அன்று அவன் முகத்தில், பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய நாளின் களை இருந்தது.