பருக்குழிக்கு நம் ரத்தமே மருந்து

விழுப்புரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் நான் லேப் டெக்னீஷியன். பி.ஆர்.பி. (தட்டணு செறிந்த பிளாஸ்மா) சிகிச்சைக்கு ரத்தம் எடுத்துப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. கல்யாணம் நிச்சயமானதும் பருக்குழியோடு ஓடிவருகிறவர்கள்தான் அதிகம். திண்டிவனத்திலிருந்து மகளைக் கூட்டிவந்த ஓர் அம்மா, "இன்னாம்மா, அவ ரத்தத்த எடுத்து அவ மூஞ்சிக்கே போடுவீங்களா?" என்று பதறிப்போனார். "ஆமாக்கா, வேற யாரோடதும் அதுல சேராது" என்று உட்காரவைத்தேன்.

டெங்கு வந்தால் தட்டணு குறைகிறதென்று பயப்படுகிறோமே, அந்தத் தட்டணுதான் இங்கே மருந்து. காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. தன்னுள் இருக்கும் வளர்ச்சிக் காரணிகளை வெளிவிட்டுப் புதுத் திசுவையும் வளரத் தூண்டும். வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காகவே 1986இல் ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மொண்டால்சினி இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

10 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து சேர்த்த குழாயில் விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிடுவேன். மெஷின் நின்றதும் குழாயை அலுங்காமல் தூக்க வேண்டும். அடியில் சிவப்பணு அடர்ந்து கிடக்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா. இரண்டுக்கும் நடுவே நூலிழை கனத்தில் வெளிறிய ஒரு கோடு. அந்தக் கோட்டை ஒட்டித்தான் தட்டணு அதிகம். அதுவரை ஊசியை இறக்கி மெல்ல உறிஞ்சுவேன். துளி சிவப்பு கலங்கினாலும் எனக்குப் பொறுக்காது. மரத்துப்போகும் களிம்பு தடவிய முகத்தில் டாக்டர் நுண்ணூசியால் குத்தி இதை உள்ளே இறக்குவார்.

ஓரிரு நாள் முகம் சிவந்திருக்கும். புதுக் கொலாஜன் உருவாக வாரங்கள், மாதங்கள் ஆகும். மாதம் ஒருமுறை என்று மூன்று, நான்கு தடவை வர வேண்டியிருக்கும். குழியின் ஆழம் குறையும், அடியோடு மறையாது. சிவப்பழகும் வராது. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து நிற்பவர்களை டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அதுதான் சரி.

அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் இதே சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018இல் தெரியவந்தது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய கருவிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் சமையலறை ஃபிரிட்ஜில், சாப்பாட்டோடு இருந்தன. அதைப் படித்ததிலிருந்து, குழாயில் ஒட்டிய பெயரை வந்தவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். ஊசிப் பாக்கெட்டையும் அவர் எதிரிலேயே பிரிக்கிறேன். எங்கே போனாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். பியூட்டி பார்லரில் செய்துகொள்ளவே வேண்டாம்.

செலவு கட்டுப்படியாகாதவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் காட்டலாம். பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அதை அடக்க மருந்து சாப்பிட வேண்டும். குழிக்கு வைத்தியம் அதன் பிறகுதான்.